மூச்சை எண்ணுவது தெரியக் கூடாது

செவிலியர் பயிற்சியின் முதல் ஆண்டில் எங்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட சிறிய தந்திரம் ஒன்று உண்டு. நோயாளியின் மணிக்கட்டில் விரல்களை வைத்து நாடித் துடிப்பை எண்ணி முடித்த பிறகும் விரல்களை எடுத்துவிடக் கூடாது. நாடியையே தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதுபோல் கைக்கடிகாரத்தைப் பிடித்தபடி, ஓரப் பார்வையில் அவருடைய மார்பு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு இயல்பு. காய்ச்சலை அளக்கிறோம் என்று தெரிந்தாலும் நோயாளியால் அதை நினைத்தபடி ஏற்றவோ இறக்கவோ முடியாது. மூச்சு அப்படியல்ல, அது தானாகவும் நடக்கும், நாம் நடத்தினாலும் நடக்கும். ஆகவே, எண்ணுகிறார்கள் என்று தெரிந்த கணத்திலேயே அது வேறொரு மூச்சாகிவிடுகிறது.

1994-இல், மதுரையில் நான் பயிற்சியில் இருந்தபோது, இந்தத் தந்திரத்தை ஏமாற்று வேலை என்று நினைத்து, அறுபது வயதைத் தாண்டிய விவசாயி ஒருவரிடம் நேர்மையாகச் சொல்லிவிட்டே எண்ணத் தொடங்கினேன். "ஐயா, மூச்சை எண்ணப் போறேன், எப்பவும் போல விடுங்க." அவர் முதுகை நிமிர்த்தி, நெஞ்சை விரித்து, பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் முன்னால் நிற்பவரைப்போல ஒவ்வொரு மூச்சையும் ஆழமாக இழுத்து நிதானமாக விட்டார். ஒரு நிமிடத்தில் ஒன்பதுதான் வந்தது. பின்னால் நின்றிருந்த எங்கள் ஆசிரியை சிரித்துக்கொண்டே, "இப்ப அவர் மூச்சு விடல, உனக்கு விட்டுக் காட்டுறாரு" என்றார்.

செய்வது வேறு, செய்து காட்டுவது வேறு என்பதைச் சொல்ல நம் மொழியில் ஒரு துணைவினையே இருக்கிறது என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. அதன் பிறகு கழிந்த முப்பது ஆண்டு மருத்துவமனை வாழ்க்கையில், கண்ணெதிரே நடப்பது இந்த இரண்டில் எது என்று பிரித்தறிவதே என் வேலையின் பெரும்பகுதியாக இருந்திருக்கிறது. நோயாளிகளிடம் மட்டுமல்ல, உடன் வேலை செய்தவர்களிடமும், சில நேரம் என்னிடமும்.

இரத்த அழுத்தத்தைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. 1983-இல் இத்தாலியைச் சேர்ந்த ஜுசெப்பே மான்சியா என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், இரத்தக் குழாய்க்குள்ளேயே கருவியைப் பொருத்தி அழுத்தத்தை இடைவிடாமல் பதிவு செய்துகொண்டிருந்த நோயாளிகளின் படுக்கையருகே ஒரு மருத்துவரை வரவைத்து, வழக்கமான முறையில் அழுத்தத்தை அளக்கச் சொன்னார்கள். மருத்துவர் வந்த சில நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி அளவுக்கு ஏறி, பிறகு மெல்ல இறங்கியது. மருத்துவருக்குப் பதில் செவிலியர் அளந்தபோது ஏற்றம் ஏறத்தாழ அதில் பாதிதான் என்று அதே குழு சில ஆண்டுகளுக்குப் பின் காட்டியது. எங்களுக்கு மரியாதை பாதிதான் என்று எடுத்துக்கொள்வதா, எங்களிடம் பயம் பாதிதான் என்று மகிழ்வதா என்று இதைச் சொல்லி மாணவிகளைச் சிரிக்க வைப்பேன்.

ஆனால் விளைவு சிரிப்புக்குரியதல்ல. புற நோயாளிப் பிரிவில் ஒவ்வொரு முறையும் 160 காட்டிய ஒருவருக்கு, வீட்டில் அவருடைய மகள் காலையிலும் மாலையிலும் அளந்து எழுதிக்கொண்டு வந்த தாளில் 130-ஐத் தாண்டிய எண் அரிதாகவே இருந்தது. தாளைப் பார்த்திராவிட்டால் மாத்திரை ஒன்று கூடியிருக்கும். ஆகவே நான் கடைப்பிடித்தவை இவை: வந்தவரை ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்கார வைப்பது, அளக்கும்போது பேச்சுக் கொடுக்காதிருப்பது, ஒரு நிமிடம் விட்டு மறுபடி அளந்து பார்ப்பது, மருத்துவர் ரவுண்ட்ஸ் வந்துபோன சூட்டோடு எந்தப் படுக்கையிலும் அளக்காதிருப்பது. இலவச முகாம்களில் மட்டும் இவை எதுவும் நடக்காது. மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று, "எவ்வளவு? எவ்வளவு?" என்று எட்டிப் பார்த்து, எண்ணை உரக்கச் சொல்லும் இடத்தில் ஏறுகிற பாதரசத்தில் அந்தக் கூட்டத்தின் பங்கும் சேர்ந்தே இருக்கும். முகாமில் வந்த எண்ணை வைத்துக்கொண்டு யாரும் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். இன்னொரு நாள் அமைதியான இடத்தில் அளந்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்லி அனுப்புவேன்.

அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்த ஆண்கள் பலருக்குச் சிறுநீர் இறங்காமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். முதுகில் போட்ட மயக்க ஊசியும் வலி மருந்தும் அதற்குக் காரணங்கள்தாம். அவற்றோடு, படுக்கையைச் சுற்றி நிற்கும் மனைவி, மைத்துனர், பக்கத்து வீட்டுக்காரர் என ஒரு குடும்பமே குடுவையைப் பார்த்தபடி ஐந்து நிமிடத்துக்கொரு முறை "வந்துச்சா?" என்று கேட்பதும் ஒரு காரணம். குழாய் செருகுவதற்கு முன் நான் முதலில் செய்வது கண்களை அகற்றுவது. மறைப்புத் திரையை இழுத்து, எல்லாரையும் வெளியே அனுப்பி, உதவியோடு அவரை உட்கார வைக்கவோ நிற்க வைக்கவோ முடியுமானால் அதையும் செய்து, கைகழுவும் குழாயைத் திறந்துவிட்டு, "நான் பத்து நிமிஷம் கழிச்சு வர்றேன், அவசரமே இல்ல" என்று சொல்லி உண்மையிலேயே போய்விடுவேன். வயிறு உப்பி வலிக்கிறவரை இப்படிக் காக்க வைக்கக் கூடாது. அவருக்கு உடனே மருத்துவரைத்தான் அழைக்க வேண்டும். மற்றவர்களில் எத்தனையோ பேருக்குக் குழாயும் அதனால் வரக்கூடிய தொற்றும் மிச்சமாகியிருக்கின்றன.

வலியும் அப்படித்தான். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் உங்கள் வலி எவ்வளவு என்று கேட்டு எழுதுவது எங்கள் வழக்கம். மகன் அருகில் நிற்கும்போது "ஒண்ணுமில்ல, ரெண்டுதான்" என்று சொன்ன அம்மா, பார்வையாளர் நேரம் முடிந்து அவன் படியிறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏழுன்னு போடு தாயி, அவன் லீவு போட்டு வந்திருக்கான், எதுக்கு அவனைக் கலங்கடிக்கணும்" என்றார். எதிர்த்திசையிலும் நடக்கும், கணவர் வந்ததும் வலி கூடுகிறவர்கள் உண்டு, அதையும் பொய் என்று நான் ஒதுக்குவதில்லை. மாமியார் முன்னால் மாதவிடாய் பற்றிக் கேட்டால் கிடைப்பது மாமியாருக்கான விடை. அதனால் சொந்தங்கள் இருக்கும்போது ஒரு முறை, போன பின் ஒரு முறை என இருமுறை கேட்பேன். இரண்டும் மாறுபட்டால் இரண்டாவதை எழுதுவேன்.

இனி என் கையைப் பற்றி. நரம்பில் ஊசிக்குழாய் ஏற்றுவதை, நாங்கள் சொல்வதுபோல் சொன்னால் 'வென்ஃப்ளான் போடுவதை', பயிற்சிக் கை பொம்மையில் நான் நன்றாகவே செய்தேன். முதல் நோயாளியிடம் மூன்று முறை தவறவிட்டேன். பொறுப்புச் செவிலியர் கைகட்டிப் பின்னால் நின்றார். எதிரே நோயாளியின் மனைவியும் அண்ணனும் நின்றார்கள். என் விரல்நுனி நடுங்குவது வார்டு முழுவதற்கும் தெரிகிறது என்றே நம்பினேன். "வேற சிஸ்டரைக் கூப்பிடுங்க" என்றார் அந்த அம்மா. பொறுப்புச் செவிலியர் வந்தார், அதே கண்கள் பார்த்துக்கொண்டிருக்க ஒரே முயற்சியில் போட்டார். யாரும் பார்க்காதபோது போடுவதைவிட அன்று இன்னும் நேர்த்தியாகப் போட்டார் என்றுகூடத் தோன்றியது.

அது வெறும் தோற்றமல்ல என்று பல ஆண்டுகள் கழித்துப் படித்தேன். ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1965-இல் எழுதியது இது: பிறர் அருகிலிருப்பது நம் உடலை உசுப்பிவிடுகிறது, நன்கு பழகிய வேலை அதனால் மேம்படுகிறது, அரைகுறையாகத் தெரிந்த வேலை அதனாலேயே கெடுகிறது. அப்படியானால், கற்றுக்கொள்ளும்போது பின்னால் நின்று பார்ப்பதும், கற்று முடித்தவரைத் தனியே விடுவதும் என நாங்கள் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தோம்.

நான் பொறுப்புக்கு வந்தபின் மாணவியின் பின்னால் நிற்பதை நிறுத்தினேன். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய கையை நானே தாங்கிப் பிடித்து, என் பார்வையை ஊசியில் வைக்காமல் நோயாளியின் முகத்தில் வைத்துக்கொள்வேன். ஊசி எங்கே போகிறது என்பதை அந்த முகமும் என் கைக்குள் இருக்கும் அவர் கையுமே எனக்குச் சொல்லிவிடும். சொந்தக்காரர்களிடம் "வெளியே போங்க" என்றால் சண்டை வரும். "ஃபிளாஸ்க்ல வெந்நீர் பிடிச்சிட்டு வந்துடுறீங்களா" என்றால் போய்விடுவார்கள். நடுங்கிய மாணவிக்கு இன்னொன்றும் சொல்வேன். அமெரிக்காவில், கார்னெல் பல்கலைக்கழகத்தில், பார்த்தால் வெட்கப்படும்படியான ஒரு பாடகரின் படம் போட்ட பனியனை மாணவர்களுக்கு அணிவித்து, சக மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். 2000-இல் வெளியான அந்த ஆய்வில், அறையில் ஏறத்தாழ பாதிப் பேர் தங்கள் பனியனைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறத்தாழ கால்வாசிதான். ஒரு நாள் இதை நேரிலேயே சோதிக்க, கை நடுங்கியது தெரிந்ததா என்று ஒரு நோயாளியிடம் கேட்டேன். "நான் ஊசின்னாலே அந்தப் பக்கம் திரும்பிக்குவேன் சிஸ்டர்" என்றார்.

2011-இல் என்னைத் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியராக ஆக்கினார்கள். அதுவரை பார்க்கப்பட்டவள் அன்றுமுதல் பார்ப்பவள் ஆனேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதல் கைச்சுத்தத்துக்கு ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடும் முன், கிருமி புகாமல் செய்ய வேண்டிய வேலைக்கு முன், உடல் திரவம் பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். ஹேண்ட் ரப் (கையில் தேய்த்துக்கொள்ளும் ஆல்கஹால் திரவம்) என்றால் 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். அட்டையும் பேனாவுமாக வார்டின் ஓரத்தில் நின்று, தேவைப்பட்ட தருணங்கள் எத்தனை, அவற்றில் கைசுத்தம் செய்தவை எத்தனை என்று குறித்து விழுக்காடு போடுவதே என் வேலை.

முதல் மாத அறிக்கை அற்புதமாக இருந்தது. ஆனால் நான் வாசலில் கால் வைத்ததும் கைகள் தாமாகவே பாட்டிலை நோக்கிப் போவதைக் கண்கூடாகப் பார்த்தேன். பெரிய மருத்துவர் ஒருவர், யாருடனோ பேசிக்கொண்டே வந்தவர், என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தாமல் இரண்டு முறை பாட்டிலை அழுத்தி, கையை அழகாகத் தேய்த்து, எந்த நோயாளியையும் தொடாமல் அப்படியே வெளியே போனார். அவர் எனக்காகவே கையைச் சுத்தம் செய்து காட்டினார்.

அறிக்கையை நம்ப முடியாமல் பண்டகசாலைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த முப்பது படுக்கை வார்டில் ஒரு மாதத்துக்குச் செலவான ஹேண்ட் ரப் ஆறு லிட்டர். ஒரு முறைக்கு மூன்று மில்லிலிட்டர் என்று வைத்தால் இரண்டாயிரம் முறை, நாளொன்றுக்கு அறுபத்தேழு, அதாவது ஒரு நோயாளிக்கு, மூன்று ஷிஃப்டும் மருத்துவர்களும் எல்லாருமாகச் சேர்ந்து, ஒரு நாளைக்கு இரண்டு முறைக்குச் சற்றுமேல். ஆயிரம் நோயாளி நாள்களுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் தங்கினால் அது ஒரு நோயாளி நாள்) குறைந்தது 20 லிட்டர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் சுயமதிப்பீட்டுப் படிவம் கேட்கிற அளவு; எங்கள் வார்டுக்கு அது மாதம் 18 லிட்டர். பார்க்கும் கண்ணுக்கு நடித்துக் காட்டலாம், பாட்டிலுக்கு நடித்துக் காட்ட முடியாது. டொராண்டோவில் மின்னணுக் கருவிகளைப் பொருத்தி ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டவர்களும், தணிக்கையாளர் கண்ணில் படும் இடத்தில் கைச்சுத்தம் ஏறத்தாழ மூன்று மடங்காக உயர்வதைக் கண்டார்கள். சிகாகோ அருகே ஹாதார்ன் என்ற தொழிற்சாலையில் 1924-இல் தொடங்கிய, வெளிச்சத்தை மாற்றினால் வேலை கூடுகிறதா என்று பார்த்த சோதனைகளிலிருந்து, பார்க்கப்படும்போது நடத்தை மாறும் இதற்கு 'ஹாதார்ன் விளைவு' என்று பெயர் வந்தது. பின்னாளில் அந்தத் தரவுகளை மறுபடி ஆராய்ந்தவர்கள், தொழிற்சாலையில் நடந்த கதை பாடப்புத்தகங்கள் சொல்லும் அளவுக்கு நேரானது அல்ல என்று காட்டினார்கள். பெயர் சரியோ தவறோ, எங்கள் வார்டில் நடந்தது அதுதான்.

கண் வேண்டுமானால் நிரந்தரமாக ஒரு கண்ணை வைத்துவிடலாமே என்றும் முயன்றேன். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில், காப்பி குடிப்பவர்கள் தாமே பணத்தைப் பெட்டியில் போட வேண்டிய இடத்தில், கண்களின் படத்தை ஒட்டிய வாரங்களில் பூப்படம் ஒட்டிய வாரங்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பணம் சேர்ந்ததாக 2006-இல் எழுதியிருந்தார்கள். நானும் கைகழுவும் தொட்டிக்கு மேலே இரண்டு பெரிய கண்களை அச்சடித்து ஒட்டினேன். முதல் வாரம் சோப்பு வேகமாகக் குறைந்தது. மூன்றாம் வாரம் யாரோ அந்தக் கண்களுக்கு நடுவே பொட்டு வைத்திருந்தார்கள். துப்புரவுப் பணி செய்யும் அக்கா, "யாரு கண்ணு பட்டுச்சுன்னு இதை மாட்டியிருக்கீங்க சிஸ்டர்?" என்று கேட்டார். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கெல்லாம் திருஷ்டிப் பொம்மை கட்டும் ஊரில் நான் எதிர்பார்த்திருக்க வேண்டிய கேள்வி அது. கண் படத்தின் விளைவு பிற்கால ஆய்வுகள் பலவற்றில் உறுதிப்படவில்லை என்று பிறகு அறிந்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

பலன் தந்தது இவற்றையெல்லாம்விடச் சாதாரணமான ஒன்று. வார்டின் கோடியில் இருந்த பாட்டில்களை எடுத்து ஒவ்வொரு படுக்கையின் கால்மாட்டிலும் கொக்கியில் மாட்டினோம். எட்டு அடி நடக்க வேண்டியிருந்தபோது மறந்தவர்கள், கையெட்டும் தூரத்தில் இருந்தபோது மறக்கவில்லை. நான் பார்ப்பதைக் குறைத்து, வார்டில் இருப்பவர்களே முறைவைத்து ஒருவரையொருவர் பார்த்துக் குறிக்கச் செய்தேன். வேலையோடு வேலையாக இருப்பவரின் கண் அவ்வளவாக உறுத்துவதில்லை. தவறவிட்டவரின் பெயரை அறிவிப்புப் பலகையில் போடும் வழக்கத்தை நிறுத்தி, அந்த இடத்திலேயே காதோடு சொல்லச் சொன்னேன். நான் நேரில் நிற்கும்போதும் முதல் பத்து நிமிடத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டேன். அதற்குமேல் யாராலும் நடிப்பைத் தொடர முடிவதில்லை, வேலை இழுத்துக்கொள்ளும். விழுக்காடு சரிந்தது, லிட்டர் ஏறியது. அறிக்கையில் ஏன் இறக்கம் என்று நிர்வாகத்தில் கேட்டபோது விளக்குவதற்குப் பெரும்பாடு பட்டேன். ஓராண்டில் பதின்மூன்று லிட்டர் வந்தது. பதினெட்டை நான் இருந்தவரை தொடவே இல்லை.

பிற்பாடு வேலை செய்த வேறொரு மருத்துவமனையில் செவிலியர் மேசைக்கு மேலே கண்காணிப்புக் கேமரா வைத்தார்கள். மருந்துத் திருட்டுக்கும், சொந்தக்காரர்கள் கைநீட்டும் சம்பவங்களுக்கும் அது பாதுகாப்பு என்பதை நான் மறுக்கவில்லை. இரவில் தனியாக வார்டைப் பார்க்கும் பெண்களுக்கு அது துணைதான். ஆனால் கேமராவுக்குத் தெரிந்தது மேசை மட்டுமே. மேசையில் ஆள் இல்லாவிட்டால் கீழே அலுவலகத்திலிருந்து தொலைபேசி வரும்: "ஏன் யாரும் சீட்ல இல்ல?" படுக்கையருகே இருந்ததாகச் சொன்னாலும் அந்தக் கேள்வி மனத்தில் தங்கிவிடும். இரண்டு மாதத்துக்குள் எல்லாரும் மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு நள்ளிரவில் ஏழாம் படுக்கையில் குளுக்கோஸ் பாட்டில் காலியாகிக் குழாயில் இரத்தம் ஏறியிருந்ததை முதலில் பார்த்துக் குரல் கொடுத்தவர் எட்டாம் படுக்கைக்காரர். அதன் பிறகு நான் கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்று: மேசை காலியாக இருப்பதைப் பார்த்துத் தொலைபேசி செய்வதை நிறுத்த வேண்டும்; ஏதாவது நடந்தால் மட்டும் பதிவைப் போட்டுப் பார்க்க வேண்டும். முழுமையாக நிறுத்தவில்லை, குறைத்தார்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு என் பங்கைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. எந்த வார்டிலும் நோயாளிகளின் அட்டையில் மூச்சு எண்ணிக்கைக்கான கட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 20 என்றே இருக்கும். எண்ணி எழுதியதல்ல, பார்த்துப் போட்டது. நாற்பது பேருக்கு ஒரே ஆளாக இரவுப் பணி செய்த காலத்தில் நானும் எத்தனையோ முறை வரிசையாக 20 போட்டிருக்கிறேன். யாரும் பார்க்கவில்லை என்பது மட்டும் காரணமல்ல. பார்த்திருந்தாலும் நேரம் இருந்திருக்காது. ஆனால் யாராவது பார்த்துக்கொண்டிருந்த பகல்களில் எப்படியோ நேரம் இருந்தது.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு பித்தப்பை அறுவை சிகிச்சைக்காக நானே படுக்கையில் கிடந்தேன். முதல் நாள் மாலை பயிற்சி மாணவி ஒருத்தி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் யார் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும், விரல்கள் குளிர்ந்திருந்தன. அரை நிமிடம் ஆயிற்று, நாடி முடிந்திருக்கும். விரல்கள் நகரவில்லை. கண் கடிகாரத்தில் இருந்தது, கடிகாரத்திலும் இல்லை. அவள் இப்போது எதை எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரியும். எப்பவும் போல விட வேண்டும் என்று நினைத்தேன். எப்பவும் எப்படி விடுவேன் என்பது நினைவுக்கு வரவில்லை. இழுத்தால் ஆழமாகிவிடுமோ என்று சிறிதாக இழுத்தேன், அது போதாமல் உடனே இன்னொன்றை இழுத்தேன். அவள் எதுவும் சொல்லாமல் எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனாள்.

மறுநாள் காலையில் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இரவு பத்து மணிக்கு 20, இரண்டு மணிக்கு 20, விடிகாலை ஆறு மணிக்கு 20. முந்தைய நாள் மாலைக் கட்டத்தில் மட்டும், சற்றுக் கோணலான எழுத்தில், 23.